பர்தாஸின் கைகள்

பொய் சொல்லி எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நடந்தது. கிரேக்க தேசத்தில், கஸ்தோரியா ஏரிக்கரையில், நானே கட்டிய தேவாலயத்துக்குள், என் கண் முன்னால் நடந்தது.

என் மகன் பர்தாஸுக்கு ஏழு வயது. விட்டு விட்டு வரும் காய்ச்சல். அவன் பிழைத்தால் போதும் என்றுதான் அந்தக் கோயிலைக் கட்ட நேர்ந்துகொண்டேன். போரில் இறந்த என் கணவர் விட்டுப்போன நிலம், என் நகைகள், எல்லாம் சுவராக மாறின. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வேலை எங்கள் குடும்பப் படம். கோயில் கட்டிய குடும்பத்தை முன்மண்டபச் சுவரில் வரைவது வழக்கம். இறந்தவர்களின் கைகள் நெஞ்சில் குறுக்காக மடிந்திருக்கும். உயிரோடு இருப்பவர்களின் கைகள் கிறிஸ்துவை நோக்கி நீண்டிருக்கும். படத்தில் என் கணவர் கை மடித்து நின்றார். நான் குட்டிக் கோயில் ஒன்றை ஏந்தி நின்றேன். நடுவில் பர்தாஸ். அவன் கைகள் மட்டும் பாக்கி.

அன்று அவனுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. தாதி மரோவிடம் விட்டுவிட்டு கோயிலுக்கு ஓடினேன். படம் முடிந்தால் பிள்ளை பிழைப்பான்... அப்படித்தான் நம்பினேன்.

ஓவியர் கிரிகோராஸ் ஈரச் சாந்து பூசி, கைகளை நீட்டி வரைந்தார். சாந்து காய்வதற்குள் முடித்தாக வேண்டும். ஆசையாக அந்தக் கைகளைத் தொட்டேன்.

சுவர் சுட்டது. காய்ச்சல் சூடு.

மாலை மணி அடித்தது. விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன்.

கைகள் மடிந்திருந்தன.

"என்னய்யா விளையாட்டு இது? என் புள்ள என்ன செத்தா போயிட்டான்?"

"சத்தியமா நீட்டித்தாம்மா போட்டேன். நீங்களும் பாத்தீங்களே!"

பார்த்தேன்தான்.

"சுரண்டு. திருப்பிப் போடு."

போட்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. விளக்கு ஒருமுறை படபடத்தது... நிமிர்ந்தது.

மறுபடி மடிந்திருந்தன.

கிரிகோராஸ் தூரிகையைக் கீழே போட்டார். "எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆளை விடுங்கம்மா." ஓடிவிட்டார்.

சுவரைத் தொட்டேன். பனிக்கட்டி.

அவர் விட்டுப்போன சுரண்டும் கத்தியை நானே எடுத்தேன்.

கர்ர்... கர்ர்...

வரையத் தெரியாது. விரலில் சாயத்தைத் தொட்டு இரண்டு கைகளை நீட்டி இழுத்தேன்.

காத்திருந்தேன்...

அசையவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை. உள்ளே போக ஒருத்திக்கும் துணிவில்லை.

மரோதான் வாயைத் திறந்தாள். "மணி அடிக்கிறப்பவே உயிர் போயிடுச்சும்மா. கையை மடிச்சு வெச்சேன். பிரிஞ்சிடுச்சு. மறுபடி மடிச்சேன். மறுபடியும்..."

அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு கைகளும் நீண்டிருந்தன. தோல் இல்லை. நகத்தடியில் ஈரச் சாந்து.

மரோ என் பின்னால் வந்து நின்றாள்.

"ரெண்டாவது தடவை பிரிஞ்சப்போ புள்ள அழுதான்மா. செத்து அவ்வளவு நேரம் கழிச்சு... வேண்டாம்மா, வலிக்குதும்மான்னு அழுதான். உங்களைத்தான் கூப்பிட்டான்."