ஒச்சுன் அம்மனுக்குக் கொண்டுபோன தேன்: வில்லிலிருந்து எம்மன்புரூக்கேக்கு

எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருக்கும் என் மகன் பிரசன்னாவின் மனைவி யனேலிஸ் கியூபாக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. போன செப்டெம்பரில், ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, அவளே கூப்பிட்டாள். சுகப்பிரசவத்துக்காக ஆற்றங்கரையில் ஒச்சுன் என்ற தெய்வத்துக்குத் தேன் படைக்க வேண்டுமாம்; கியூபாவில் இருக்கும் தன் தாயின் இடத்தில் நான் நிற்க வேண்டுமாம். பேரப்பிள்ளையைக் கையில் வாங்க இதுதான் வழி என்று புறப்பட்டேன்.

நான் இருக்கும் வில் என்ற ஊரில் காலை 8.20க்கு ரயில். சூரிச்சிலும் லுட்சேர்னிலும் மாற வேண்டும். எல்லாமாக இரண்டு மணித்தியாலம். பாதிக் கட்டண ஹல்ப்டாக்ஸ் அட்டையோடு போய்வர 46 பிராங். தேன் போத்தல் 14 பிராங். மலிவானதும் இருந்தது, சாமிக்கென்றபடியால் அதை எடுக்கவில்லை.

வழியெல்லாம் கைபேசியில் வாசித்தேன். ஒச்சுன், மேற்கு ஆபிரிக்காவின் யொருபா மக்களுடைய ஆற்றுத் தெய்வம். மஞ்சள் நிறமும் தேனும் பிள்ளைப்பேறும் அவளுக்குரியவை. கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட சனம், ஸ்பானியருக்குத் தெரியாமல், கத்தோலிக்கப் படங்களின் பெயரில் தங்கள் தெய்வங்களைக் கும்பிட்டிருக்கிறது. ஒச்சுனுக்கு மாதா படம். போர்த்துக்கேயருக்குப் பயந்து விக்கிரகங்களைக் கிணற்றுக்குள் ஒளித்த ஊரில் பிறந்த எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நிலையத்தில் இருவரும் நின்றார்கள்.

"மஞ்சள் சீலையோ? யனேலிஸ் இனி உங்களைத்தான் கும்பிடப்போறா," என்றான் மகன்.

"வாயைக் குறைச்சுப்போட்டுப் பையைப் பிடி," என்றேன். அவளும் சிரித்தாள்.

கிளைன எம்மே ஆறு றொய்ஸ் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு இருபது நிமிட நடை. சேலை கட்டுபவர்கள் நல்ல சப்பாத்துப் போடுங்கள்.

கரையில் யனேலிஸ் ஐந்து மஞ்சள் பூ வைத்தாள். போத்தலைத் திறந்து, ஒரு கரண்டித் தேனை என் வாயருகே நீட்டினாள். "மாமி, முதல் நீங்க," என்றாள், தெரிந்த கொஞ்சத் தமிழில்.

"படைக்க முதல் வாயில வைக்கிறதோ? எச்சில்!"

"அம்மா, முந்தி ஆரோ ஒச்சுனுக்குத் தேனுக்குள்ள நஞ்சு வைச்சவையாம். அதால கொண்டுவாற ஆள் ருசி பார்க்கவேணும். ஒரு சொட்டுத்தான்."

"அப்ப நான் நஞ்சு கொண்டுவந்தனான் எண்டு சொல்லுறாளோ?"

"இல்லை எண்டு காட்டத்தானே கேக்கிறா."

படையலின் மணத்தைக்கூட முகராமல் சமைக்கிறவள் நான். மாட்டேன் என்றேன். மகன் அதை அவளுடைய மொழியில் சொன்னான். அவளுடைய ஒரு கை வயிற்றை மூடியது. மற்றக் கை கரண்டியைப் புல்லில் வழித்தது.

வீட்டுக்கு வாங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. நிலையத்தில் மகன் போத்தலை என் பைக்குள் வைத்தான். "கொண்டுபோங்கோ அம்மா. இது வீட்டில இருந்தா அவ நித்திரை கொள்ளமாட்டா."

அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி வேறு தேனை ருசி பார்த்துக் கொடுத்தாளாம். நவம்பரில் பேத்தி பிறந்தாள். மகன் அனுப்பிய படத்தில் பிள்ளையை ஏந்தியிருந்தது அந்தப் பெண்தான்.

நான் பிழை செய்ததாக இன்றும் நினைக்கவில்லை. ஆனால் இப்படியொரு படையலுக்குப் போகிறவர்கள், அந்தத் தேனை வாயில் வைக்க முடியுமா என்று வீட்டிலேயே யோசியுங்கள். முடியாதென்றால் மஞ்சள் பூ கொண்டுபோங்கள். பூவை யாரும் ருசி பார்க்கச் சொல்லமாட்டார்கள். ஞாயிறில் கடை பூட்டு, சனியே வாங்கிவிடுங்கள். ரயில் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று இருக்கிறது. எனக்குத்தான் அழைப்பு இல்லை.