சூடு என்று சொன்னார்கள்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே யாருக்கு என்ன வந்தாலும் ஒரே பெயர்தான்: சூடு. ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டதுபோல் என் மூக்கில் ரத்தம் கொட்டியது. சூப்பர்வைசர் அப்போதும் அதையேதான் சொன்னார்.

"சூடுப்பா. தலைய மேல தூக்கிக்கினு குந்து."

நிமிர்ந்ததும் வெளியே வழிவது நின்றது.

"பாத்தியா, நின்னுடுச்சு. போய் வேலையப் பாரு."

எங்கே நின்றது? அத்தனையும் தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரத்தமாக வாந்தியெடுத்து, உலைக்கு முன்னாலேயே விழுந்தேன்.

மருத்துவமனையில் மூக்கை அடைத்துப் பார்த்தும் அடங்கவில்லை. மூக்கின் பின்பக்கத்துத் தமனி ஒன்று வெடித்திருந்தது. மூக்கு வழியாகவே கேமராவை விட்டு, அந்தத் தமனிக்குக் கிளிப் போட்டார்கள்.

"யாருங்க உங்கள நிமிரச் சொன்னது? முன்னால குனிஞ்சு மூக்க அழுத்திப் பிடிக்கணும்" என்று டாக்டரம்மா கத்தினார்.

மறுநாள் சூப்பர்வைசர் இளநீரோடு வந்தார். "குடிப்பா, சூட்டுக்கு நல்லது."

"சூடு இல்ல சார், உள்ள ரத்தக்குழா வெடிச்சிருக்குது! இன்னும் கொஞ்ச நேரம் அப்டியே உட்டிருந்தா செத்திருப்பேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னாப்பா, இவ்ளோ சூடாவுற?"

அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒரே சூடு அதுதான். அது இன்னும் ஆறவில்லை.