திரும்பி ஓடிய மருந்துத் தண்ணீர்

குமுதா தேயிலைத் தோட்டத்தில் பதினேழு வருஷம் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவள். தோல் அரிப்பு தாங்காமல் அந்த வேலையை விட்டு, தோட்டத்தை ஒட்டிய சரிவில் சாம்பசிவத்தின் குடைமிளகாய்ப் பண்ணையில் சேர்ந்தாள். அங்கே சுமை கிடையாது. வெள்ளை ஈக்கான மருந்தைச் சொட்டுநீரில் கலந்துவிட்டால் வேர் இழுத்துக்கொள்ளும்; இலையில் சாறு உறிஞ்சும் ஈ செத்துப்போகும்.

ஓடையோரத் தொட்டியிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே பாத்திகளுக்குத் தள்ளும். மோட்டாரைத் தாண்டியதும் மருந்து சேரும். அதே தொட்டியிலிருந்துதான் கீழேயிருந்த ஆறு வீடுகளுக்கும் குழாய் போனது. அதில் ஒன்று குமுதாவின் வீடு.

ஒரு மழைநாள் காலையில், மருந்து பாதி ஏறியிருந்தபோது கரண்ட் போனது. மோட்டார் நின்றது. தண்ணீர் திரும்பாமல் தடுக்க வால்வு உண்டு என்பதால் குமுதா நிதானமாகத்தான் எட்டிப் பார்த்தாள். மோட்டாருக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக் குழாயில் மருந்து கலந்த பால்நிறத் தண்ணீர் தொட்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

குழாயைக் கையால் மூடும் வால்வைத் திருகினாள். அசையவில்லை. மண்வெட்டிக் காம்பால் நாலு தட்டுத் தட்டி, ஒருவழியாக மூடிவிட்டு வீடுகளுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு மணியம்மா குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அதக் கொட்டுங்க! தண்ணியில மருந்து கலந்திருக்கும். யாரும் பைப்ப தொறக்காதீங்க!"

சாம்பசிவம் வந்து சேர்ந்ததும் முகம் சுளித்தார். "கொஞ்சந்தான போயிருக்கும் லா. வீட்டுக்காரங்ககிட்ட சொல்லாத, சத்தம் போடுவாங்க."

"சொல்லிட்டேன் மொதலாளி. எங்க வீடும் அங்கதான இருக்கு."

அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "சரி, தொட்டிய ஓடையில தொறந்து விடு" என்றார்.

"ஐயோ, வேணாம். கீழ பெர்த்தாம் ஊரு வரைக்கும் பொழங்குறது அந்தத் தண்ணிதான். கரண்ட் வந்ததும் பாத்திக்கே ஏத்திடலாம்."

அப்படியே செய்தார்கள். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வைக் கழற்றியபோது, அதை மூடவிடாமல் மிளகு அளவு கல் ஒன்று இடுக்கில் சிக்கியிருந்தது. தொட்டியைக் கழுவி முடிக்க இரண்டு நாள் ஆனது. பிரிஞ்சாங் டவுனிலிருந்து லோரியில் தண்ணீர் வந்தது. துணி துவைக்க முடியவில்லை என்று குமுதாவின் காதுபடவே சிலர் முணுமுணுத்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுமாதம் சாம்பசிவம் வீடுகளுக்கு ஓடையின் மேல்பக்கத்திலிருந்து தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தார். மருந்து விடும் நாளில் இப்போது குமுதா முதலில் அந்தத் தடுப்பு வால்வைக் கழற்றிக் கழுவுகிறாள். அதுவரை மோட்டார் சாவி அவள் பையில்தான் இருக்கும்.