மன்னிப்புக் கேட்ட வெடி

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை டாக்டரைக் கூப்பிடுற மாதிரி பதறிக் கூப்பிடுவாக; மெஷினைத் திறந்ததும் களவாணியைப் பார்க்குற மாதிரி பக்கத்துலயே நிப்பாக. இந்தத் தொழில்ல இருந்தவுகளுக்கும், எங்களைக் கூப்பிட்டுட்டு வாசலைப் பார்த்து உக்காந்திருந்தவுகளுக்கும் நான் சொல்றது புரியும். ரெண்டாயிரத்தை ஒட்டின வருசங்கள்ல, பைக்குப் பின்னால டூல்ஸ் பையைக் கட்டிக்கிட்டு விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல அலைஞ்சவன் நான்.

எங்க அத்தாவுக்கு விருதுநகர்ல மிளகாய் வத்தல் வியாபாரம். எனக்கோ ஒரு மூடையைப் பிரிச்சாப் போதும், தும்மித் தும்மி மூக்கு நாசமாப் போயிரும். "ஒரு பெரிய கம்பெனியாவது உன் கையில நிலைச்சு நிக்கட்டும் காதரு, இல்லேன்னா தீபாவளி முடிஞ்சதும் கடையில வந்து உக்காரு"ன்னு அத்தா கறாராச் சொல்லிட்டாக. எனக்கு இருந்த ஒரே பெரிய கம்பெனி தங்கவேல் அண்ணாச்சியோடது. அச்சங்குளத்துல பட்டாசு ஆலை, திருத்தங்கல்ல லேபிள் அடிக்கிற அச்சாபீஸ். மக பிடிச்ச பிடிவாதத்துக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினவரு, முதல் நாளே என்கிட்ட சொன்னாரு: "தம்பி, இந்த சீசன் வரைக்கும் பார்ப்பேன். சரிப்படலேன்னா டப்பா அம்புட்டையும் தூக்கிக்கிட்டு நீயும் கிளம்பிரணும்."

இல்லாததை அமுக்கு

ஆலை ஆபீஸ்ல கணக்கு எழுதுறவரு சங்கரலிங்கம் சார். பொறுப்பான மனுசன்னா அம்புட்டுப் பொறுப்பு. "மெஷினே ஓடலை, உடனே வா"ன்னு காலையிலேயே போன். வேகாத வெயில்ல அச்சங்குளம் போய்ப் பார்த்தா, திரை நல்லா எரியுது. கறுப்புல வெள்ளை எழுத்து: கீபோர்டைக் காணோம், தொடர்ந்து செல்ல எஃப்-ஒன் பட்டனை அமுக்கவும். பழைய மெஷின் எல்லாத்துலயும் இந்தக் கூத்து உண்டு. எழுதினவன் சிரிச்சுக்கிட்டே எழுதினானா, தூக்கக் கலக்கத்துல எழுதினானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

"கீபோர்டு எங்க சார்?"னு கேட்டேன். மனுசன் நிதானமா இரும்புப் பீரோவைத் திறந்து, செக் புக்குக்கு மேல துணியில சுத்தி வச்சிருந்த கீபோர்டை எடுத்துக் குடுத்தாரு. தினமும் சாயங்காலம் கழட்டிப் பூட்டி வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். யாரும் கணக்கைத் தட்டிறக் கூடாதுல்ல! அன்னிக்கு எடுத்து மாட்ட மறந்துட்டாரு. நான் மாட்டிவிட்டு, திரையில இருந்ததைத் தமிழ்ல சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டாரு: "இல்லாத சாமானை அமுக்குங்கிறானே, இவன் இதுக்கு முன்னாடி ஏதாவது சர்க்கார் ஆபீஸ்ல வேலை பார்த்தவனா தம்பி?"

கணக்குக்குள்ள மலை

சங்கரலிங்கம் சாரைக் கைக்குள்ள போட்டுக்கிட்டா அண்ணாச்சிகிட்ட நல்ல வார்த்தை சொல்வாருன்னு எனக்கு ஒரு நப்பாசை. எக்செல்லோட பழைய பதிப்பு ஒண்ணுல ஒரு ரகசியம் உண்டு. ஒரு குறிப்பிட்ட வரிசைக்குப் போயி, கீபோர்டுல ரெண்டு மூணு பட்டனைச் சேர்த்து அமுக்கினா, கட்டம் கட்டமா இருந்த கணக்கு மறைஞ்சு, ஊதாக் கலர்ல மேடும் பள்ளமுமா ஒரு காடு வரும். மவுசைப் பிடிச்சு அதுக்கு மேல பறக்கலாம். நடுவுல ஒரு கல்லு, அதுல செஞ்சவுக பேரு. வேலை நேரத்துல ஒளிச்சு வச்ச விளையாட்டு!

அதைக் காட்டினதுதான் தாமதம், சார் சின்னப் பிள்ளை கணக்கா மவுசைப் பிடிச்சுப் பறக்க ஆரம்பிச்சுட்டாரு. "சார், மலையில மோதிராதீக!"ன்னு நான் கத்துறேன். திரும்பிப் பார்த்தா வாசல்ல அண்ணாச்சி. எனக்கு மூக்குல மிளகாய் நெடியே ஏறிருச்சு. வேற வழியில்லாம, கணக்கோட அடியில அந்தக் கம்பெனிக்காரன் இதை மறைச்சு வச்சிருக்கான், அவனுக்கும் நமக்கும் தவிர யாருக்கும் தெரியாதுன்னு உண்மையைச் சொல்லிட்டேன். அண்ணாச்சி கதவைச் சாத்திட்டு, நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு, மெல்லக் கேட்டாரு: "கணக்குக்குள்ள ஒளிச்சு வைக்க இம்புட்டு இடம் இருக்குன்னு நீ மொதல்லயே சொல்ல வேண்டாமா தம்பி?"

அந்த நீலம்

இன்னொரு நாள் அண்ணாச்சியைக் குளிர வைக்க, சும்மா இருக்கும்போது திரையில வாணம் வெடிக்கிற ஸ்கிரீன் சேவரைப் போட்டுவிட்டேன். வருகைப் பதிவுக்கு வந்த போர்மேன் மாடசாமி அண்ணன் அதைப் பார்த்துட்டு நகர மாட்டேங்காரு. பட்டாசுல நீலம் எடுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. பச்சையும் சிவப்பும் சொன்ன பேச்சுக் கேக்கும், நீலம் வெளிறிப் போயிரும். ரொம்ப நேரம் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினாரு. "நீலம் சும்மா சொல்லக் கூடாது, அருமையா வந்திருக்கு. ஆனா வெடிச்சதுக்கு அப்புறம் குச்சி எங்கன விழுகுதுன்னு காட்டலையே தம்பி, எவன் ஓட்டுக் கூரையில விழுகுதோ!"

பட்டன்

இப்பச் சொல்லப் போறதுலதான் என் பொழைப்பே போயிருக்கும். திருத்தங்கல் அச்சாபீஸ்ல டிசைன் பண்ண ஒரு பழைய மேக் மெஷின், செகண்ட் ஹேண்ட். அது மண்டையைப் போடும்போதெல்லாம், திரி எரியுற குண்டு வெடி ஒண்ணைப் படமாப் போட்டு, பக்கத்துல இங்கிலீஷ்ல 'மன்னிக்கவும், சிஸ்டத்தில் பிழை ஏற்பட்டது'ன்னு எழுதி, கீழ 'ரீஸ்டார்ட்'னு, அதாவது மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க, ஒரு பட்டனும் காட்டும். வெடி ஊருல வந்து வெடி காட்டுது பாருங்க, கொழுப்புத்தானே!

டிசைன் பண்ற பேச்சியம்மாவுக்கு அந்தக் குண்டு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. புது வெடிப் பெட்டிக்கு லேபிள் போடச் சொன்னப்ப, பார்த்துப் பார்த்து அச்சு அசலா வரைஞ்சிருச்சு. குண்டு, திரி, மன்னிப்பு, பட்டன், எல்லாம். லேபிள்னா கொஞ்சம் இங்கிலீஷ் இருந்தாத்தான் கெத்துங்கிறது எங்க பக்கத்து வழக்கம், என்ன எழுதியிருக்குன்னு எவரும் வாசிக்கிறதில்லை. அண்ணாச்சியும் ப்ரூப்ல கலரைப் பார்த்தாரு, கம்பெனி பேரைப் பார்த்தாரு, ஓகேன்னு கையெழுத்தைப் போட்டாரு.

நான் பார்த்தப்ப லோடு வடக்க போயிருச்சு, மிச்ச லேபிள் மட்டும் மேசையில கிடக்கு. அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் சொன்னதும் பேச்சியம்மா, "அண்ணே, எனக்கு வேலை போயிரும்ணே"ன்னு அழ ஆரம்பிச்சுருச்சு. கடையில வாங்கின எவனாவது வாசிச்சுச் சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிருவோம்னு ரெண்டு பேருமாப் போய்ச் சொன்னோம். ப்ரூப்ல தன் கையெழுத்து இருந்ததால அண்ணாச்சியால அந்தப் பிள்ளையைத் திட்ட முடியலை. அம்புட்டும் எனக்கு வந்துச்சு. "வெடி மன்னிப்புக் கேட்டா எவன்லே வாங்குவான்? சரக்கு திரும்பி வந்த அன்னிக்கே உன் டப்பாவையும் தூக்கிரணும்!"

தசரா வியாபாரம் வடக்க தொடங்கிச்சு. அண்ணாச்சி மேசைப் போன் அடிச்சாலே, சரக்கு திரும்பிருச்சுன்னு நான் டூல்ஸ் பையைக் கையில எடுத்துக்குவேன். வீட்டுல அத்தா எனக்குன்னு கடையில நாற்காலியே வாங்கிப் போட்டுட்டாக. ஒரு நாள் நான் அச்சாபீஸ்ல இருக்கும்போதே நாக்பூர்லேருந்து போன் வந்துச்சு, அங்க கடை வச்சிருக்கிற அண்ணாச்சியோட மச்சான்தான். அண்ணாச்சி "உம்... உம்..."ங்காரு, முகத்துல ஒண்ணும் தெரியலை. பேச்சியம்மா சாமி கும்பிடுது, நான் அல்லா அல்லாங்கேன்.

போனை வச்சுட்டு எங்களையே பார்த்தாரு. "மெஷினை எடுக்க வேண்டாம் தம்பி. அங்க வர்ற பிள்ளைக எல்லாம், வெடிச்ச வெடி திரும்ப வெடிக்குமான்னு அந்தப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்குதுகளாம். அடுத்த லோடுக்குப் பட்டனைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுதாரு மச்சான்."

எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு. கடைக்கு வேற ஆள் பாருங்கன்னு அன்னிக்கே அத்தாகிட்டச் சொல்லிட்டேன்.

மெஷின் நல்லா ஓடினா நம்மளை மறந்துருவாக, கெட்டுப் போனா நம்மளைத் திட்டுவாக, கெட்டுப் போனதே நல்லா வித்துருச்சுன்னா மட்டும்தான் உக்கார வச்சு டீயும் சேவும் குடுப்பாக.