முன்வரிசையில் ஒரு சிவப்புக் கதிரை

புளியங்குளம் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தர்சினியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். ஆஸ்பத்திரியில் இருந்த என் தோழி யோகேஸ்வரியைப் பார்க்கத்தான் தோடம்பழப் பையோடு புறப்பட்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

நேரில் நாங்கள் 'நீ, நான்'தான். எழுத்தில் 'அவர்' என்கிறேன். கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மல்லாவியில் ஒரே வகுப்பில் படித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாசனக் குளத்தின் கீழ் காணி பெற்ற குடும்பங்கள் எங்களுடையவை. போர் எங்களைச் செட்டிகுளம் முகாம்வரை துரத்தியது. திரும்பி வந்தபோது யோகாவின் கணவர் கூட வரவில்லை. அவருக்கு என்ன ஆனதென்று இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. மகள் தர்சினியோடு வந்த யோகா, பற்றை மண்டிய வயலைத் தாமே வெட்டித் துப்புரவாக்கினார்.

மழையில்லாத சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. பிள்ளையார் கோயில் வளவில் கமக்காரர் கூடி, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப விதைப்புப் பங்கைப் பிரிப்போம். பெயர் வாசிக்கும்போது பதில் வராவிட்டால் பங்கு போய்விடும். ஆண்கள் கதிரைகளில் இருப்பார்கள், பெண்கள் நாங்கள் பின்னால் மரத்தடியில் நிற்போம். முதல் கூட்டத்தில், காணிப் பதிவில் இருந்தபடி யோகாவின் கணவர் பெயரை வாசித்தார்கள். பின்னாலிருந்து யோகா கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லையாம்! பங்கு போனது.

அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் போட்டு அதில் இருந்தார்.

"தங்கச்சி, இது ஆம்பிளையள் இருக்கிற இடம்" என்றார் ஒரு பெரியவர்.

"கதிரை என்ர, ஐயா. இடம் பிள்ளையாற்ர."

பங்கு கிடைத்தது. திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "நிண்டு கேட்டா பிச்சை எண்டு நினைக்கினம். இருந்து கேட்டாத்தான் பங்கு." அடுத்த போகம் நானும் கதிரை கொண்டுபோனேன். பிறகு மற்றப் பெண்களும் கொண்டுவந்தார்கள். வருடங்கள் போக, வாசிக்கும் பெயரும் யோகேஸ்வரி என்றே ஆனது.

இம்முறை கூட்டம் அவருடைய எட்டாம் நாள் சடங்குக்கு முன்பே வந்தது. செத்தவீட்டிலேயே ஒருவர் கதையைத் தொடங்கினார். "துடக்கு வீட்டாக்கள் முப்பத்தொராம் நாள் முடியுமட்டும் கோயில் வளவுக்க வரேலாது. இந்தமுறை அந்தப் பங்கை மற்றாக்களுக்குப் பிரிப்பம்." இதை அவர் யோகாவின் சிவப்புக் கதிரையில் இருந்தே சொன்னார்.

"எழும்புங்கோ அண்ணை" என்றேன். "அது யோகாவின்ர கதிரை."

கூட்டத்தன்று அந்தக் கதிரையை என் சைக்கிளில் கட்டினேன். வளவுக்குள் போகவில்லை. வாசலுக்கு நேரே ரோட்டோரம் போட்டுத் தர்சினியை இருத்தினேன். உள்ளே இருந்த பெண்கள் தத்தம் கதிரைகளைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். யோகாவின் பெயரை வாசித்தபோது தர்சினி எழும்பவில்லை. இருந்தபடியே உரக்கச் சொன்னாள்:

"ஓம், இருக்கிறம்."

கூட்டத் தலைவர் பாதி காலியான வளவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பங்கு தர்சினிக்கு என்றார்.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அன்று நானும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். இப்போது சொல்கிறேன்.

யோகா, உன்ர வயலுக்குத் தண்ணி திறந்தாச்சு. போயிட்டு வாறன்.