சித்தி எடுத்த தேங்காய்

சுழலும் கோளத்துக்குள் அடைபட்ட திரவம், கோளத்தை முன்னும் பின்னும் திருகி ஆட்டினால் என்ன செய்யும் என்று விளக்கும் நீளமான கட்டுரை ஒன்றைச் சமீபத்தில் படித்தேன். எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். ஓடு திரும்பும்போது உள்ளே இருக்கும் நீர் உடனே திரும்பாது. தயங்கி, பின்தங்கி, தன் போக்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொழகொழத்த திரவமாக இருந்தால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். பூமியின் வயிற்றுக்குள்ளும் ஏறக்குறைய இப்படித்தானாம். எனக்குப் பூமி நினைவுக்கு வரவில்லை, சித்திதான் வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் இருந்தபடி, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத் திரி வைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரே தேங்காயைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்கும். சித்தி மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடி, இப்படியும் அப்படியும் திருகுவாள்.

"காது பொய் சொல்லும்ட்டி. கையால கேளு."

நானும் கேட்டேன். தேங்காய் இன்றுவரை என்னிடம் வாயைத் திறந்ததில்லை. அவள் எடுத்த காய் அழுகி நாங்கள் பார்த்ததே கிடையாது. தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் காய் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். சித்தி வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள், கேட்க ஆளில்லை. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்ததால் நான் மாப்பிள்ளை கட்சியில் இருந்தேன்.

இருக்கன்குடி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, சகுனம் பார்த்துவிட்டு நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. காயைப் பெண்ணே எடுக்கட்டும் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சித்தி கடையில் ஒவ்வொரு காயாகத் திருகிப் பார்த்தாள். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. கடைசியில் ஒன்றை மறுபடியும் திருகி, தட்டில் வைத்தாள். எங்க சித்தி எடுத்தா தப்பவே தப்பாது என்று நான் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

உடைத்ததும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. உள்ளே எல்லாம் கறுத்துக் குழைந்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வேண்டாம்னுட்டா. தப்பா நினைக்காதீக, நாங்க வாரோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும் சித்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கை தப்பிவிட்டதே என்று அழுகிறாளாக்கும். பட்டுப்பாவாடைத் துக்கத்தை விழுங்கிக்கொண்டு, "எல்லாருக்கும் ஒரு தடவ தப்பத்தான செய்யும் சித்தி" என்று தேற்றினேன். அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள். மனசு கேட்காமல், எனக்கென்று வாங்கித் தந்திருந்த காராச்சேவுப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன்.

ஊர் வருவதற்குள் அவ்வளவையும் தின்று தீர்த்துவிட்டாள். அழுகிறவள் இம்புட்டுச் சேவு தின்பாளா என்று யோசிக்கிற வயது எனக்கு வந்திருக்கவில்லை.