மாமி அணைத்த மஞ்சள் விளக்கு

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத விடயங்களில் உறுதியான கருத்து வைத்திருப்பது மட்டும் சிறுவயதிலேயே கைவந்துவிட்டது. வாகனம் வைத்திருக்க மாமாவுக்குத் தகுதியில்லை என்பது அப்படியான கருத்துகளில் முதலாவது.

சுனாமியன்று செட்டிபாளையத்தில் மாமாவின் வாடகை வான் பாதிக்குமேல் கடல்நீரில் கிடந்தது. கழுவித் துடைத்து ஓடவைத்த பிறகும், சுக்கானுக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவில்லை. வான் இருமிக்கொண்டே ஓடியது. காத்தான்குடியில், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக் ஒருவர் எஞ்சினருகே ஒரு சோதனைப் பெட்டியின் இரண்டு துளைகளை வயர்த்துண்டால் இணைத்து, அந்த விளக்கு சிமிட்டுவதை எண்ணினார். அந்தக் கணக்குத்தான் நோயின் பெயராம்.

"சாமான் பழுதில்ல அண்ணன். வயர் பொருந்துற இடத்தில உப்புப் பூத்துக் கிடக்கு. துப்புரவாக்கினாச் சரி."

"ஓம், செய்வம்" என்றார் மாமா. மாதக்கணக்காகச் செய்யவில்லை.

செய்தது மாமி. அலை விட்டுப்போன தையல் மெசினையும் றேடியோவையும் உப்பு நீக்கிப் பேசவைத்தவர் அவர். மாமா சைக்கிளில் களுதாவளைக் கோயிலுக்குப் போன ஒரு காலையில், பழைய பல் துலக்கும் பிரசும் பெற்றோலுமாக வந்தார்.

"புள்ள, உன்ட கைதான் சின்னன். உள்ளுக்கு விடு."

நான் கழற்றிய வயர்ப் பிளக்கின் கால்களில் பச்சை படிந்திருந்தது. மாமி தேய்த்தார், வெயிலில் காயவைத்தார், திரும்ப மாட்டினார். பற்றரி வயரைக் கழற்றி, சற்றுப் பொறுத்துப் பூட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமாமல் பிடித்தது; விளக்கு அணைந்தது. மாமி சந்தோசத்தில் ஹோனை அடிக்க, தெருவே வேலியில் வந்து எட்டிப் பார்த்தது.

திரும்பி வந்த மாமாவின் முகம் கறுத்தது. "ஆரு இதில கை வைக்கச் சொன்ன?" என்று மட்டும் கேட்டு, வானின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பெண்சாதியின் கெட்டித்தனம் பொறுக்கவில்லை என்று தீர்ப்பு எழுதினேன்.

பின்னேரம், வாவிக்கு அப்பால், இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையிலிருந்து இரண்டு பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்கள் கேட்டால் வாகனம் போகும். சிலவேளை ஓட்டுகிறவரும் போவார், திரும்பமாட்டார். ஊருக்கே தெரிந்த இந்த விடயம் எனக்கு மட்டும் தெரியாது.

"அண்ணன், வான் தேவைப்படுது. நீங்களே ஓட்டலாம்."

மாமா சாவியைத் திருப்பினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. வான் இருமியது.

"கடல்ல குளிச்ச சாமான் தம்பி. எங்க படுக்கும் எண்டு அதுக்கே தெரியா."

"காலையில நல்லா ஓடினதாமே?"

"மாமி திருத்தினவ" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பின்னால் நின்ற மாமி என் மேற்கைச் சதையைப் பிடித்துத் திருகினார்.

"அது நான் விளங்காமக் கிண்டினது தம்பி. கொஞ்சம் ஓடிச்சு, இப்ப முந்தியவிட மோசம். இவர் காலையிலேர்ந்து என்னை ஏசிக்கொண்டு நிக்கிறார்."

அவர்கள் சிரித்தார்கள். போய்விட்டார்கள்.

மாமி இனிச் சண்டை பிடிப்பார் என்று கை வலியோடு காத்திருந்தேன். அவர் மாமாவுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பாவம், புருசனுக்குப் பயந்த மனுசி என்று நினைத்தேன்.

அந்த விளக்கு பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை ஓய்ந்து, படுவான்கரைக்குப் பாதை திறந்தபின் ஒருநாள், மாமா தானாகவே, கழன்று கிடந்த அந்தப் பிளக்கை மாட்டினார். விளக்கு அணைந்தது. முன் ஆசனத்தில் இருந்த மாமி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒருவழியாக மாமாவுக்கும் வேலை பிடிபட்டுவிட்டதே என்று நான் கைதட்டினேன்.